எண்ணாது வாங்கிய கடிகாரம்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குமுன் பலகாலும் ஆராய்தல் வேண்டும் என்பது பெரியோர் அறிவுரை. வீடு, நிலம், மாடு ஆகியவற்றிற்கு அது முற்றும் பொருந்தும். ஆயினும், கைக்கடிகாரங்களைத் தேடித் தொகுக்கும் ஒருவனுக்கு, முன்னெண்ணமின்றித் திடீரென வாங்கிய மலிவான கடிகாரமொன்று தரும் மகிழ்ச்சியைப் பிறிதொன்று தாராது என்று யான் சொல்லத் துணிகின்றேன். இதனைக் கேட்டு நண்பர் சிலர் நகைத்தனர். என் அன்னையார் நகைக்கவில்லை, சினந்தார். இருசாரார்க்கும் விடையாகவே இதனை எழுதலுற்றேன்.

நிகழ்ந்தது இது. சென்ற விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வழியில், நெல்லைச் சந்திப்பில் பேருந்துக்குக் காத்திருந்தேன். சட்டைப் பையில் 700 ரூபாய் இருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வாங்குக என்று அன்னையார் தந்த பணம் அது. சாலையோரத்தே கண்ணாடிப் பெட்டியொன்றை முன்வைத்து, ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கியவண்ணம், முதியவர் ஒருவர் கடிகாரம் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். பெட்டியினுள்ளே, அறுந்த வார்களுக்கும் பழைய முட்களுக்கும் இடையே, நீல முகப்புடைய எச். எம். டி. ஜனதா ஒன்று கிடந்தது. "அண்ணாச்சி, அதைச் சற்றுப் பார்க்கலாமா?" என்றேன். அவர் தலை நிமிராமலே எடுத்து நீட்டி, "சாவி கொடுத்துப் பாருங்கள் தம்பி; ஓடும்" என்றார்.

கொடுத்தேன். உள்ளே சுருள்வில் சிறிது சிறிதாக இறுகுவது விரல்நுனிக்குத் தெரிந்தது. அதுகாறும் இறந்துகிடந்த வினாடிமுள் துள்ளி எழுந்து ஓடலாயிற்று. செவியருகே வைத்தேன், வினாடிக்கு ஐந்துமுறை துடிக்கும் அந்த ஒலி, பேருந்து நிலையத்தின் பேரிரைச்சலுக்கு நடுவிலும் கேட்டது. விலை 550 என்றார். பேரம் பேசவும் மறந்தேன். பேருந்து வருமுன் கடிகாரம் என் மணிக்கட்டில் ஏறிற்று. சேனாவரையர் கடையிலேயே தங்கிவிட்டார்.

ஜனதாவைப் பற்றி அறியாதார்க்குச் சில சொல்வேன். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனம், ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தாரின் துணைகொண்டு, 1961ஆம் ஆண்டில் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிற்று. அங்குப் பிறந்தவற்றுள் பேர்பெற்றது ஜனதா. 17 கற்கள் பதித்த பொறி. நாடோறும் கையால் சாவி கொடுத்தல் வேண்டும். தேர்வில் தேறிய மகனுக்கும், மணமேடை ஏறும் மருமகனுக்கும், முதற்சம்பளம் பெற்ற இளைஞனுக்கும் உரிய பரிசாக எச். எம். டி. விளங்கிய காலம் ஒன்றிருந்தது. பின்னர்க் குவார்ட்சு கடிகாரங்களோடு போட்டியிட இயலாது நலிந்து, 2016ஆம் ஆண்டு சனவரியில் எச். எம். டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. யாரோ ஒருவர் மாதக்கணக்கில் எண்ணியெண்ணிப் பொருள் சேர்த்து வாங்கியிருக்கக்கூடிய கடிகாரத்தை, யான் பேருந்து வருவதற்குள் வாங்கினேன் என்பதை நினைக்கச் சிறிது நாணமே உண்டாகின்றது.

விடுதிக்கு மீண்டதும், கடிகாரங்களில் என்னினும் தேர்ந்த நண்பர் ஒருவரிடம் பெருமையுடன் காட்டினேன். அவர் பின்மூடியைத் திறந்து நோக்கி, "பொறி உண்மையானது, முகப்பு பொய்" என்றார். பழைய வெண்முகப்பை அழித்து, யாரோ நீலவண்ணம் பூசிப் புதிதாக எழுத்திட்டிருக்கின்றனர். எழுத்துகள் தடித்திருந்தன, நிமிடக்கோடுகள் முள்ளின் முனையோடு ஒட்டவில்லை, வினாடிமுள்ளோ வேறொரு கடிகாரத்தின் உடைமை. தொகுப்போர் இத்தகையவற்றைத் தீண்டார். அன்றிரவு யான் வருந்தியது உண்மை. ஆனால் காலையில் எழுந்து வழக்கம்போல் அதற்கே சாவி கொடுத்தேன். மகிழ்ச்சி குறைந்ததோ எனின், குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று ஆராய்ந்தபொழுதுதான் எனக்கு ஓருண்மை புலனாயிற்று.

என்னிடம் ஒரு சீக்கோ 5 உண்டு. எட்டு மாதம் பணம் சேர்த்தேன். அக்காலமெல்லாம் அதன் பொறி, எஃகு, கண்ணாடி, விலை ஆகிய அனைத்தையும் கற்றேன். அது கைக்கு வந்த நாளில் யான் அதனைக் கண்டு களிக்கவில்லை. தேர்வாளன் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் குற்றம் தேடினேன். மழை வந்தால் கழற்றிப் பையிலிடுகின்றேன். எவரேனும் இடித்துக்கொண்டு சென்றால் அவர் முகத்தைப் பாராமல் கடிகாரத்தைப் பார்க்கின்றேன். எட்டு மாத எதிர்பார்ப்பின் அளவுக்கு எந்தக் கடிகாரந்தான் நிற்கவல்லது? ஜனதாவிடத்து எனக்கு எதிர்பார்ப்பே இல்லை. ஆதலின் அது ஓடிய ஒவ்வொரு வினாடியும் வரவாயிற்று. கடிகாரமே இல்லாத சிறுவனாய் இருந்தபொழுது, பிறர் கையிலுள்ளதைக் கண்டு கொண்ட வியப்பு அச்சாலையோரத்தில் எனக்கு மீண்டது.

மலிவானது இழிந்தது என்பாரும் உளர். அவர்க்குக் கடிகாரத் தொழிலின் வரலாறே மறுமொழி கூறும். 1969ஆம் ஆண்டு திசம்பரில் சீக்கோ நிறுவனத்தார் அஸ்ட்ரான் என்னும் முதற் குவார்ட்சு கைக்கடிகாரத்தை 450,000 யென் விலையில் விற்றனர். சில ஆண்டுகளில் அவ்வகைக் கடிகாரங்கள் மலிந்தன. சுவிட்சர்லாந்து நாட்டுத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்தனர். அந்நாட்டார் நிமிர்ந்தெழப் பெரிதும் துணைசெய்தது அருமணி பதித்த பொற்கடிகாரம் அன்று. 1983இல் வெளிவந்த, 51 உறுப்புகளே உடைய, பிளாஸ்டிக்கால் ஆகிய சுவாட்ச். கண்டதும் விரும்பி, விரும்பியதும் வாங்கத்தக்க விலையில் வண்ணவண்ணமாய் அது வந்தது. தொகுப்போரும் அதனை இகழவில்லை. வரிசையில் நின்று வாங்கினர்.

கைப்பேசி மணி காட்டும்பொழுது கடிகாரம் எற்றுக்கு என்று வினவுவாருக்கு விடை கூறப் புகுந்திலேன். குழாயில் நீர் வரும்பொழுது ஆற்றிற்குச் செல்வது எற்றுக்கு என்று அவரையே கேட்கலாம்.

இனி அன்னையாரின் சினம். இதற்குத்தான் என்னிடம் விடை குறைவு. "ஏழு இருக்க எட்டாவது எதற்கு?" என்று அவர் கேட்டிருந்தால் ஒருவாறு வாதாடியிருப்பேன். அவர் கேட்டது, "யாருடைய பணம்?" என்பது. யான் 550 ரூபாயை மலிவு என்று கருதினேன். அது என் பணமாயிருந்தால் மலிவே. எண்ணாது செய்யும் செலவு, தவறினும் தனக்கன்றிப் பிறர்க்கு நோவு தாராத அளவில் இருக்கும்பொழுதே விளையாட்டாகும். அவ்வரம்பை யான் கடந்தேன். கடந்ததற்கு வருந்துகின்றேன், வாங்கியதற்கு வருந்தவில்லை. இரண்டும் ஒரு நெஞ்சில் எவ்வாறு கூடும் என்று அன்னையார் கேட்கின்றார். கூடியிருக்கின்றன என்பதன்றி வேறு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதனிடையே, பள்ளிச் சிறுவர் இருவர்க்கு மாலையில் தமிழ் சொல்லிக்கொடுத்து 300 ரூபாயைத் திருப்பிவிட்டேன். சேனாவரையரை நூலகத்தில் பயில்கின்றேன். ஜனதா நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பிந்துவதால், நூலகர் விளக்கணைக்கும் வேளையிலேயே யான் நூலைக் கேட்டு நிற்பதும் உண்டு. இன்னும் 250 ரூபாய் கடன் உள்ளது. நெல்லைச் சந்திப்பில் இறங்கினால், இப்பொழுது யான் சாலையின் எதிர்ப்புறமாகவே நடக்கின்றேன்.