குப்பைக்கு எல்லைப் பிரச்சினை இல்லை

கல்முனையில் எதைப் பேசத் தொடங்கினாலும் பேச்சு இறுதியில் எல்லையில்தான் வந்து நிற்கும். வடக்குப் பிரதேச செயலகத்தின் எல்லை எது, சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டுமா, வேண்டுமெனில் எந்த வீதியுடன் அது முடிகிறது என்ற விவாதங்களிலேயே நமது அரசியல் பெரும்பாலும் கழிந்துவிட்டது. இவை அற்ப விடயங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றி, எந்த எல்லையையும் மதியாமல் எல்லோர் வாசலிலும் கிடக்கும் ஒன்று உண்டு. அது நாம் வீசியெறியும் குப்பை.

கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பில் 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் கல்முனை மாநகர எல்லைக்குள் வாழ்ந்தனர். மணல் நிலத்தில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வரும். மேலே கொட்டுவது கீழே கிணற்றுக்குப் போவதற்கும் அதிக நாள் எடுக்காது. குப்பை கொட்ட நகருக்குள் இடமும் இல்லை. ஆகவே கல்முனையின் கழிவுகள் நீண்ட காலமாக அட்டாளைச்சேனைப் பிரதேசத்திலுள்ள பள்ளக்காட்டுக்கு ஏற்றப்பட்டு வந்துள்ளன. சுற்றியுள்ள வேறு ஊர்களின் குப்பையும் அங்கேதான் சேர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டி நமது ஒழுங்கையைத் தாண்டியதும் பிரச்சினை தீர்ந்தது என்று நாம் உறங்கப் போனோம்.

தீரவில்லை. காட்டு யானைகள் அந்த மேட்டுக்கு வரத் தொடங்கின. உணவு மணம் ஒட்டிய பொலித்தீனை உணவோடு சேர்த்தே விழுங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் படங்களுடன் அறிவித்தன. இறந்த யானைகளின் வயிற்றில் பெருமளவு பொலித்தீனும் உணவுப் பொதிகளின் உறைகளும் காணப்பட்டன. வயிறு அடைபட்ட விலங்கு உண்ணவும் குடிக்கவும் இயலாமல் மெலிந்து சாகிறது.

செத்த யானைக்காக மட்டும் நான் வருந்தவில்லை. குப்பை மேட்டை நாடி மனிதக் குடியிருப்புக்கு அருகே வந்து பழகிய யானை, அங்கிருந்து வயலுக்கும் வளவுக்கும் வருகிறது. மிதிபட்ட வேளாண்மைக்கும் இடிந்த சுவருக்கும் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலுக்கும் விலை உண்டு. அந்த விலையைக் குப்பை போட்டவர் கொடுப்பதில்லை. அதன் ஓரத்தில் வாழும் ஏழை விவசாயியே கொடுக்கிறார்.

நகருக்குள் இருப்பவரும் தப்பவில்லை. வெள்ளத்தைக் கடலுக்கு வடியவிடும் தோணாவைக் குப்பைத் தொட்டியாக்கினோம். அது அடைபட்டால் மாரியில் வெள்ளமும் கோடையில் நாற்றமும் மிஞ்சும். 2017இல் இந்நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு கண்டது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த நுளம்பு பெருகுவது நாம் எறிந்த யோகட் கோப்பையிலும் சிரட்டையிலும் தேங்கும் தெளிந்த நீரில்தான். வளவில் பிளாஸ்டிக்கை எரிப்பவர் அந்த நச்சுப் புகையைத் தம் பிள்ளைகளுக்கே ஊட்டுகிறார்.

2015ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 90 இலட்சம் அகால மரணங்களுக்கு மாசடைதல் காரணமென்றும், அதனால் ஏற்படும் நலன் இழப்பு உலகப் பொருளாதார உற்பத்தியில் 6.2 சதவீதமென்றும் லான்செட் ஆணைக்குழு 2017இல் கணக்கிட்டது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் மேற்குக் கடலில் எரிந்து பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டியதற்கு நூறு கோடி டொலர் இழப்பீடு செலுத்துமாறு நமது உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. கப்பல்காரன் கொட்டினால் நீதிமன்றம் விலை குறிக்கிறது. நாம் தினமும் கொட்டுவதன் விலை எந்தச் சபையின் வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை.

பரிகாரம் கைக்கெட்டாத விடயமன்று. நமது குப்பையில் பெரும்பகுதி சமையலறைக் கழிவு, உக்கக் கூடியது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அம்பாறை விவசாயி சேதனப் பசளை தேடி அலைந்தார். பசளையாகியிருக்க வேண்டியதோ பொலித்தீனுடன் கலந்து பள்ளக்காட்டில் அழுகிக் கிடந்தது. அந்தத் தடை மடமையானது என்பது வேறு கதை. வீட்டிலேயே இரண்டு வாளிகள் வைத்துப் பிரித்திருந்தால் குப்பையின் ஒரு பகுதியாவது வயலுக்குப் பயன்பட்டிருக்கும். பிரித்த குப்பையை மீண்டும் ஒரே பெட்டியில் கொட்டாமல் ஏற்றிச் செல்வது சபையின் கடமை. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் மற்றது வீண்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நாம் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். ஜும்ஆ மேடைகளில் அது மீண்டும் மீண்டும் பேசப்பட வேண்டும். கோயில் நிர்வாகங்களும் தேவாலயங்களும் இதில் கைகோர்க்க வேண்டும். கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, குப்பை மலை சரிந்து 32 உயிர்கள் போன பிறகே அரசு விழித்துக்கொண்டது. பள்ளக்காட்டில் யானைகள் எச்சரித்துவிட்டன. அடுத்து வாக்குக் கேட்டு வருபவரிடம் எல்லை பற்றிக் கேட்பவர்கள், எங்கள் குப்பை எங்கே போகிறது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.