ரெக்கார்டிங்கையும் அந்தச் சின்ன போர்டு தலையில கட்டாதீங்க

சின்ன வெங்காயம் விலை பத்தி எழுதச் சொன்னவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கங்க. இந்த வாரம் வேற ஒரு வயித்தெரிச்சல்.

எங்க வீட்டு டிவிக்குப் பின்னாடி ஒரு ராஸ்பெரி பை 4 போர்டு இருக்கு. சீட்டுக்கட்டு அளவுதான். எமுலேட்டர் போட்டுப் பழைய டிவி கேம் எல்லாம் அதுல ஓடுது, மகள் செஞ்சு கொடுத்தது. அவ நாலாவது படிக்கையில கேசட் போடுற டிவி கேம் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். அன்னைக்கிருந்தே எங்க ரெண்டு பேருக்கும் காண்ட்ராதான். மூணாவது கட்டத்துல அருவி வரும். முன்னாடி ஏறுறவங்களோட சேர்ந்து திரையும் மேல போகும், கீழ தங்கிட்டவன் செத்தான். எப்பவும் சாகுறது நான்தான். "ஏறுங்கப்பா, ஏறுங்க"ன்னு அவ கத்துவா.

தை மாசம், அவ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புற முந்தின ராத்திரி, முதல் தடவையா நான் சாகாம அருவி ஏறினேன். ரெட்ரோஆர்ச் மென்பொருள்லயே ரெக்கார்டு ஓடிட்டிருந்தது. அஞ்சாவது கட்டத்துல கரண்ட் போச்சு. வந்ததும் பார்த்தா ஃபைல் திறக்கவே இல்லை.

காரணம் பிற்பாடுதான் புரிஞ்சது. எம்பி4 ஃபைல்ல எந்தப் படம் எங்க இருக்குங்கற விவரம் பொதுவா கடைசியில, ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். பாதியில நின்னா உள்ள சரக்கு இருந்தும் பிளேயருக்கு வழி தெரியாது. எம்கேவின்னு வெச்சிருந்தா கரண்ட் போன நேரம் வரைக்குமாவது தப்பிச்சிருக்கும்.

ஆனா ஃபைல் வகையை மாத்தினா மட்டும் போதாதுங்கறது என் கட்சி. அந்தப் போர்டுலயே ரெக்கார்டு பண்ணுறதே தப்பு. இந்த ஆட்டங்கள் நொடிக்கு 60 படம் காட்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கிறது 17 மில்லி செகண்டுக்கும் கம்மி. அதுக்குள்ள ஆட்டத்தையும் ஓட்டி வீடியோவையும் சுருக்கச் சொன்னா, ஒரே மாட்டை ஏத்தத்துக்கும் ஏருக்கும் பூட்டின கதைதான். ஆட்டம் இழுக்கும், சத்தம் கரகரக்கும். புது போர்டு வாங்கினாச் சரியாப் போகும்னு சிலர் சொல்றாங்க. 2023-ல வந்த பை 5 வேகமானதுதான், ஆனா எச்.264 வீடியோ சுருக்குறதுக்குன்னு முன்ன இருந்த தனி வன்பொருளை அதுல எடுத்துட்டாங்க. அந்தச் சுமையும் பிராசசர் மேலதான்.

எல்லாத்துக்கும் மேல, எமுலேட்டர் எடுக்கிற ரெக்கார்டிங்ல ஆட்டத்தோட சத்தம் மட்டும்தான் இருக்கும். "ஏறுங்கப்பா" இருக்காது. ஒரு தப்புகூட இல்லாம காண்ட்ரா ஆடுற வீடியோ யூடியூப்ல கொட்டிக் கிடக்கு, அது எனக்கு எதுக்கு? பட்டன் அமுக்கினதை மட்டும் பதிவு பண்ணி அப்படியே திரும்ப ஆடிக் காட்டுற வசதியும் ரெட்ரோஆர்ச்ல உண்டு. ஃபைல் துளியூண்டு. கெட்டிக்கார வேலைதான், ஆனா அதே கேம் ஃபைலும் அதே எமுலேட்டரும் இருந்தாத்தான் சரியா ஓடும். பேச்சுச் சத்தம் அதுலயும் கிடையாது.

அதனால போர்டை ஆட விடுங்க. எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரு வயரை டிவிக்கும் இன்னொண்ணை யூஎஸ்பி கேப்சர் குச்சிக்கும் கொடுத்து, லேப்டாப்ல ஓபிஎஸ் வெச்சு எடுங்க. அது இலவசம். லேப்டாப் மைக்கையும் திறந்து வைங்க. கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கறதால அதுவரைக்கும் எடுத்தது பத்திரம். ஒண்ணு மட்டும் கவனிங்க. மலிவு குச்சிங்க பலதும் 1080-ல நொடிக்கு 30 படம்தான் எடுக்கும். குண்டு பட்டு மறுபடி வர்ற ஆளு விட்டு விட்டு மின்னுவான் பாருங்க, ஒண்ணு விட்டு ஒரு படத்தை எடுத்தா அவன் மின்னாம நிப்பான், இல்லை காணாமலே போயிடுவான். 720-க்கு இறக்கியாவது 60 வைங்க.

இதையெல்லாம் தையிலேயே தெரிஞ்சு வெச்சிருக்கணும். அவ அடுத்த லீவுல வர்றப்ப இப்படித்தான் எடுக்கப் போறேன். அருவியை மறுபடியும் சாகாம ஏறுவேனான்னு தெரியலை.