சென்சார் வாங்குமுன் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் பக்கம் சுவரில் ஓதம் ஏறுவதும், புத்தகத்தில் பூஞ்சை பிடிப்பதும், அப்பளம் நமுத்துப் போவதும் நமக்குப் புதிதில்லை. இப்போது வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் பலர், பெற்றோர் வீட்டுக்கு வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் வயர்லெஸ் சென்சார் வாங்கி அனுப்புகிறீர்கள். இருந்த இடத்திலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம். நல்ல காரியம்தான். ஆனால் விலையைப் பார்க்கிறீர்கள், ஆப் பார்க்கிறீர்கள். அது எந்தக் கரண்டில் ஓடுகிறது என்று பார்ப்பவர் குறைவு. என்னைக் கேட்டால் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. வைஃபை சிப் ஒன்று எப்போதும் விழித்திருந்தால் சுமார் 80 மில்லி ஆம்பியர் இழுக்கும். சாதாரண ஏஏ பேட்டரியின் கொள்ளளவு சுமார் 2000 மில்லி ஆம்பியர் மணி. 2000-ஐ 80-ஆல் வகுங்கள். 25 மணி நேரம்! இரண்டைத் தொடராக இணைத்தாலும் வோல்ட்தான் கூடும். இந்த விடை மாறாது. அதனால்தான் பேட்டரி சென்சார்கள் பெரும்பாலும் தூங்குகின்றன. விழிக்கும், அளக்கும், அனுப்பும், மறுபடி தூங்கும். ஜிக்பீ, புளூடூத் வகைகளுக்கு அனுப்பும் வேலை குறைவு. ஒரு வருடம்கூட ஓடும். வைஃபை வகை ஒவ்வொரு முறையும் ரூட்டரோடு புதிதாக இணைய வேண்டியிருப்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

"சார், சார்ஜரில் செருகிவிட்டால் போச்சே?" என்பீர்கள். இரண்டு சிக்கல். ஓதம் ஏறும் பீரோ மூலையில் பிளக் பாயின்ட் இருக்காது. மேலும், விழித்தே இருக்கும் சிப் சூடாகும். அந்தச் சூடு பக்கத்திலிருக்கும் சென்சாருக்கும் ஏறும். 28 டிகிரி அறையில் ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டினால், 80 சதவீத ஈரப்பதம் 75 என்று குறைந்து தெரியும். ஓதத்தைக் கண்டுபிடிக்க வைத்த கருவியே ஓதத்தை மறைத்துவிடும். சோலார் வகையும் வீட்டுக்குள் உதவாது. வெளியே நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அறைக்குள் சில நூறு லக்ஸ்தான். சாரல் மேகத்தில் அதுவும் குறையும்.

இதைவிட முக்கியமானது காயின் செல். சிறிய சென்சார்கள் பலவற்றில் சிஆர்2032 என்ற வில்லைதான் இருக்கிறது. பெயரிலேயே அளவு உண்டு: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சரியாக மாட்டிக்கொள்ளும் அளவு. மாட்டினால் எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிற வீட்டில், விரலால் தள்ளினாலே திறக்கும் மூடிக்குள் அந்த வில்லை இருப்பது எனக்குச் சம்மதமில்லை. ஸ்க்ரூ போட்ட மூடி என்றால் மட்டும் வாங்குங்கள்.

எனவே என் யோசனை இது. ஏஏஏ பேட்டரி போடும் ஜிக்பீ அல்லது புளூடூத் வகையை வாங்குங்கள். அந்த பேட்டரி தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். அப்பா வேட்டியைக் கட்டிக்கொண்டு போய் வாங்கி வந்துவிடுவார். கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். பேட்டரி மாற்ற எழுபது வயது அம்மா ஸ்டூல் மேல் ஏறி விழுந்தால், எந்த சென்சாரும் அதற்கு ஈடாகாது. ஹப்பும் ரூட்டரும் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். அளக்கும் இடைவெளியை மாற்ற முடிந்தால் 10 நிமிடம் என்று வையுங்கள். ஓதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை.

இன்னொன்று. பேட்டரி தீர்ந்த பிறகும் சில ஆப்களில் கடைசி எண் அப்படியே நிற்கும். "வீடு நன்றாகத்தான் இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எண்ணைப் பார்க்கும்போது அது எந்த நேரத்து எண் என்றும் பாருங்கள். அதைவிட, வாரம் ஒருமுறை போன் போட்டு "சுவர் எப்படி இருக்கும்மா?" என்று கேட்டுவிடுங்கள்.

தீர்ந்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் வீசாதீர்கள். திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைக்கும் பேட்டரிக் கழிவு விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. காயின் செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத டப்பாவில் சேர்த்துவையுங்கள்.

இந்தச் சாரலுக்கு ஊருக்கு வருகிறவர்கள், அருவிக்குப் போகுமுன் வீட்டிலிருக்கும் சென்சாரின் பேட்டரி மூடியை ஒருமுறை பாருங்கள். தளர்ந்த மூடிக்குள் வில்லை இருந்தால் அன்றைக்கே கழற்றி அப்புறப்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்