அடை தெளிய வைப்பதா, அடை வைப்பதா?

வெயில் ஏறத் தொடங்கியதும் புறக்கடையில் கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "கோழி அடை விழுந்துருச்சு, முட்டை நின்னு போச்சு, சீக்கிரம் தெளிய என்ன செய்யலாம்?" இப்படிக் கேட்பவர்களில் பலர், பொரிப்பகத்தில் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி, அட்டைப்பெட்டிக்குள் பல்பு போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களும்கூட. வீட்டிலேயே இருக்கிற தாயை விரட்டுகிறோம்; தாயில்லாக் குஞ்சை வாங்கி வந்து அதற்குக் கரண்ட் பில்லும் கட்டுகிறோம். கணக்கு எங்கோ உதைக்கிறது.

அடை நோயல்ல என்பது இந்த இதழைப் படிக்கும் எவருக்கும் தெரியும். தெரிந்தும் நோயாளியைப் போலத்தான் அந்தக் கோழியை நடத்துகிறோம். முட்டை கூட்டில் சேரச் சேர, அதன்மேல் படும் வயிற்றுத் தோலின் உணர்வு மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் ஏறுகிறது. அது ஏறினால் சினைப்பை சுருங்கும், முட்டை நிற்கும், தீனி குறையும், வயிற்று இறகு உதிர்ந்து தோல் சூடாகும். கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு 'கொர்ர்' என்று கொத்த வரும். நாளுக்கு ஒரு தடவை இறங்கி, அவசரமாக நாலு கொத்து கொத்தி, ஒரே குவியலாக நாற்றமடிக்கும் எச்சம் போட்டுவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். நாமக்கல் பண்ணைகளில் இந்தத் தொந்தரவு கிடையாது. வெள்ளை லெகார்ன் வழிவந்த முட்டைக்கோழிகளில் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து இந்தக் குணத்தையே அகற்றிவிட்டார்கள். சிறுவிடையில் அது அப்படியே இருக்கிறது. இன்குபேட்டரே இல்லாமல் நம் ஊர்க் கோழிகள் இத்தனை காலம் பெருகி வந்தது அதனால்தான்.

தெளிய வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சேவல் இல்லாத வீட்டில், முட்டைக்காக மட்டுமே நாலைந்து கோழி வைத்திருப்பவர் வேறென்ன செய்வார்? மார்பெலும்பு கத்திபோல் துருத்தி நிற்கும் மெலிந்த கோழியை அடைக்கு வைப்பதும் பாவம். கத்தரி வெயிலில் உட்காரும் கோழியையும் பெரும்பாலும் தெளிய வைத்துவிடுவதே நல்லது. எப்படித் தெளிய வைக்கிறோம் என்பதில்தான் எனக்கு வருத்தம். வாளித் தண்ணீரில் முக்குவது, மூக்குத் துளையில் இறகைச் செருகுவது, இரண்டு நாள் பட்டினி போட்டுக் கவிழ்த்து வைப்பது என எல்லாம் இன்னும் நடக்கிறது. தண்ணீர் காய்ந்ததும் கோழி திரும்பக் கூட்டுக்குத்தான் போகும். இறகு குத்திய மூக்கு புண்ணாகி, சளிக்கு வழி திறக்கும். பட்டினி இருப்பதிலேயே மோசம். ஏற்கெனவே தின்னாமல் எடை இழந்த கோழி, தீனி இல்லாவிட்டால் மறுபடி முட்டைக்கு வர இன்னும் தாமதமாகும். முட்டை வேண்டுமென்று செய்கிற வேலை முட்டையையே தள்ளிப்போடுகிறது.

தெளிய வைக்க வேண்டியதெல்லாம் வயிற்றுக்கு அடியில் காற்றுப் போவதும், கண்ணில் கூடு படாமல் இருப்பதும்தான். அடியிலும் பக்கத்திலும் துளையுள்ள தக்காளி கிரேட் ஒன்றை நாலு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். வைக்கோல், சாக்கு எதையும் உள்ளே போட வேண்டாம். கோழியை விட்டு, இன்னொரு கிரேட்டை மேலே கவிழ்த்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். மற்ற கோழிகள் மேய்வது தெரிகிற, வெளிச்சமான நிழலில் அது இருக்கட்டும். தண்ணீரும் நல்ல தீவனமும் எப்போதும் இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நாளில் பெரும்பாலான கோழிகள் தெளிந்துவிடும். திறந்துவிட்டதும் நேரே கூட்டுக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் உள்ளே வையுங்கள். அடை விழுந்த முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ பிடித்துவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டையிடும். பத்து நாள் உட்கார விட்டு அப்புறம் பிடித்தால் எல்லாமே நீளும்.

இனி, உட்கார வைப்பது. இதில்தான் பலரும் முட்டையைக் கோட்டை விடுகிறார்கள். சிறுவிடை ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்ட பிறகே அடைக்கு வருகிறது. அதற்குள் முதல் முட்டைக்கு வயது இரண்டு வாரத்தைத் தாண்டியிருக்கும். சுமார் 21 டிகிரிக்குமேல் சூடு போனாலே முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர ஆரம்பிக்கும். நம் ஊர் வீட்டுக்குள் பங்குனி, சித்திரையில் இருக்கும் சூடு என்ன என்று சொல்லத் தேவையில்லை. வளர்ந்தும் வளராமலும் கிடந்து கரு செத்துப்போகிறது. பிறகு கூமுட்டை என்று கோழியைத் திட்டுகிறோம். எனவே முதலில் இட்டவை சமையலுக்குப் போகட்டும். கூட்டில் ஒன்றை மட்டும் அடையாளம் போட்டு விட்டுவிட்டு, கடைசி ஒரு வாரத்தில் இட்டவற்றை அன்றன்றே எடுத்து, ஈர மணல் நிரப்பிய மண்சட்டியின்மேல் சாக்கு விரித்து, அகன்ற முனை மேலே இருக்கும்படி அடுக்குங்கள். கழுவ வேண்டாம். ஒரு கோழியின் முட்டை போதாவிட்டால் மற்ற கோழிகளின் புது முட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். பத்து, பன்னிரண்டுக்குமேல் ஆசைப்பட்டால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது.

அடை முட்டையோடு கரித்துண்டும் இரும்பும் காய்ந்த மிளகாயும் வைப்பது நம் வழக்கம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்பார்கள். வைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோடை இடியின்மேல் போடுகிற பழியில் பெரும்பங்கு பழைய முட்டைக்குச் சேர வேண்டியது என்பது என் கணிப்பு. மிளகாயை மறந்தாலும் செல்லை மறக்கக் கூடாது. செல் பிடித்த கோழி இரண்டாம் வாரத்தில் தாங்க முடியாமல் எழுந்துவிடும். முட்டை அத்தனையும் வீண். உட்கார வைக்கும் முன் இறக்கைக்கடியிலும் வாலடியிலும் இறகைப் பிரித்துப் பாருங்கள். கூடையில் பழைய வைக்கோலைக் கொட்டிவிட்டு, சாம்பல் கலந்த மணலும் புது வைக்கோலும் போட்டு, நொச்சியோ வேம்போ இரண்டு கொத்து வையுங்கள்.

ஏழாம் நாள் இருட்டிய பிறகு செல்போன் டார்ச்சின்மேல் முட்டையை வைத்துப் பார்த்தால், கரு கூடியதில் சிலந்திவலை போல ரத்தநாளம் தெரியும். வெறுமையாகத் தெரிபவற்றை எடுத்துவிடலாம். ஒரே நாளில் இரண்டு கோழிகளை உட்கார வைத்தவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. கரு கூடிய முட்டைகள் ஒரு கோழிக்கு அடங்குமானால் எல்லாவற்றையும் அதனடியில் வைத்துவிட்டு, மற்றதை கிரேட்டுக்கு அனுப்பிவிடலாம். 21ஆம் நாள் பொரித்த பிறகும் இதைச் செய்யலாம். இரவில், குஞ்சுக்கு ஓரிரு நாள் வயதிருக்கும்போதே அடியில் நுழைத்துவிட்டால் காலையில் தாய் கணக்குப் பார்ப்பதில்லை.

வருமானத்தைத் தின்பது அடை காக்கும் மூன்று வாரம் அல்ல. அதற்குப் பிறகு குஞ்சோடு அலையும் இரண்டு மூன்று மாதம்தான். முட்டையிட மூன்று வாரம், அடைக்கு மூன்று வாரம், குஞ்சு மேய்க்க மூன்று மாதம் என்று போனால் ஆண்டுக்கு மூன்று ஈடு தாண்டாது. இரண்டு, மூன்று வாரத்தில் குஞ்சுகளைப் பிரித்துவிட்டால் அதே கோழி நாலு, ஐந்து ஈடு தரும். வெயில் காலத்தில் அந்த வயதுக் குஞ்சுக்குப் பகலில் பஞ்சாரம் போதும். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் இரவில் பல்பு வேண்டியிருக்கும். பருந்துக்கும் கீரிக்கும் கொடுக்கும் பங்கும் இதனால் குறையும். தாயையும் குஞ்சையும் திறந்தவெளியில் விட்டுவிட்டு 'இயற்கை வளர்ப்பு' என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வனராஜா, கிராமப்ரியா போன்ற ரகங்களை வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவை அடைக்கு உட்காருவது அரிது. முட்டை கூடுதலாகத் தருவதற்கு அது விலை. கூட்டம் குறைந்தால் மறுபடி குஞ்சுக்கு வரிசையில் நிற்க வேண்டும். கூடவே இரண்டு சிறுவிடைப் பெட்டைகளை வைத்துக்கொண்டால் அவை அடை காக்கும். ஆனால் கலப்பின முட்டையில் பொரிந்த குஞ்சு பெற்றோரைப் போலவே வளரும் என்று எண்ண வேண்டாம்.

அடைக்கோழியிடம் பொரித்த குஞ்சுக்குத் தடுப்பு மருந்து தவறிப்போவது நம் தொழிலின் பெரிய ஓட்டை. பொரிப்பகக் குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டாவோ எஃப்1-ஓ ஒரு சொட்டு விடுபவர்கள்கூட, தாயோடு திரியும் குஞ்சைப் பிடிக்கப் போய்க் கொத்து வாங்குவதற்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். வெள்ளைக்கழிச்சல் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. இரவில் பஞ்சாரத்தைத் தூக்கினால் குஞ்சுகள் தாயின் இறக்கைக்குள் ஒரே இடத்தில் இருக்கும். டார்ச்சோடு இருவர் போனால் சில நிமிட வேலை. எட்டாம் வாரம் இறக்கையில் போடும் ஊசியும் விடுபடக் கூடாது. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு வளர்ந்த கோழிகள் வந்துவிடுகின்றன. அடையில் இருப்பதும் குஞ்சோடு இருப்பதும்தான் வீட்டில் தங்கிவிடுகின்றன. முகாமுக்குப் போகும் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் ஒவ்வொரு வீட்டாரிடமும் "அடையில் ஏதாவது இருக்கிறதா, குஞ்சுக்கு எத்தனை நாள்?" என்று ஒரு வார்த்தை கேட்டு, தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.