கேனில் டீசல் கேட்டால் குற்றமா?



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள கம்பெனிகளைப் பாருங்கள். கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் ஓடுகிறது. உள்ளேயே டீசல் டேங்க் இருக்கிறது. அவர்கள் வைத்திருப்பதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் நம்ம விவசாயி 20 லிட்டர் கேனை நீட்டினால், "கேன்ல ஊத்த மாட்டோம், வண்டியைக் கொண்டா" என்று பல பங்க்குகளில் திருப்பி அனுப்புகிறார்களே, இது என்ன நியாயம்? கிணற்று மேட்டில் நிற்கும் ஆயில் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு வர முடியுமா?

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தான். அது போராடி வாங்கிய உரிமை. ஆனால் வராத கரண்ட் இலவசமாக இருந்து என்ன பயன்? 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் தினம் 10 மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. கதிர் வரும் நேரத்தில் பயிர் காய்ந்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது நம்ம பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. சுற்றிலும் வெள்ளம், ஆனால் குடிக்கவும் மாட்டுக்குக் காட்டவும் தண்ணி இல்லை. அந்த நேரத்தில் ஓடி டீசல் வாங்கவும் முடியாது. பங்க் மெஷினுக்கும் கரண்ட் வேண்டுமே!

சட்டம் என்ன சொல்கிறது? 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, ஒரு இடத்தில் 2,500 லிட்டர் வரை டீசலை உரிமம் இல்லாமலே வைத்திருக்கலாம். ஒரே கலனில் 1,000 லிட்டருக்கு மேல் கூடாது, அவ்வளவுதான். பெட்ரோல் சீக்கிரம் தீப்பிடிக்கும். அதனால் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர்தான். பாட்டிலில் பெட்ரோல் வாங்கித் தீ வைக்கிறவனைத் தடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக உழுகிறவனின் டீசலை மறிக்கலாமா?

உரிமை கேட்கிற நாம் ஒழுங்கையும் காட்ட வேண்டும். தண்ணி பாட்டிலில், பழைய எண்ணெய் கேனில் டீசல் வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிடும். மூடி இறுகிய கேனில், வெயில் படாத இடத்தில், அடுப்புக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளி வையுங்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வாங்கிய தேதியை எழுதி, பழையதை முதலில் செலவு செய்யுங்கள். மாதக்கணக்கில் கிடந்தால் அடியில் தண்ணி சேர்ந்து இன்ஜினைக் கெடுக்கும். ஓடுகிற இன்ஜினில் ஊற்றாதீர்கள், நிறுத்தி ஆறவிடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ ஓட்டவே கூடாது. அதன் புகையில் வரும் விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

நம் கோரிக்கைகள்:

1. சிட்டா காட்டும் விவசாயிக்குத் தரமான கேனில் டீசல் கொடுக்க, எல்லா பங்க்குக்கும் மாவட்ட நிர்வாகம் எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும்.

2. மழைக்காலத்துக்கு முன்பே கூட்டுறவுச் சங்கங்களில் வாடகை ஜெனரேட்டரும் டீசலும் தயாராக இருக்க வேண்டும்.

3. புயலுக்குப் பிறகு கம்பெனி லைனுக்குக் காட்டும் அவசரத்தை கிராமத்து லைனுக்கும் காட்ட வேண்டும்.

கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு, வீட்டுக்கு ஒருவர் சிட்டா நகலோடும் காலி கேனோடும் வாருங்கள். தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். ஊரே வரிசையில் நின்றால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!