தியாகியா? பலியா?

தொற்றுநோயோடு போராடி உயிர்நீத்த வைத்தியர்களைப் புகழ்வதில் உலகம் ஒருபோதும் சிக்கனம் காட்டியதில்லை. மருந்தும் கையுறையும் அனுப்பவேண்டிய வேளையிலேதான் அதன் கை சுருங்கிவிடுகிறது. மேற்கு ஆபிரிக்காவின் சியராலியோன் நாட்டு வைத்தியர் ஷேக் உமர் கானின் மரணம் இதற்குச் சான்று.

கெனெமா நகர அரசாங்க வைத்தியசாலையில் லாசா காய்ச்சற் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தவர் அவர். அவருக்கு முன் அப்பொறுப்பை வகித்த டாக்டர் அனிரு கொன்டே, சிகிச்சையளிக்கையில் ஊசி குத்தியதால் அதே காய்ச்சல் கண்டு 2004இல் மாண்டார். அந்த இடத்தின் ஆபத்தை அறிந்தே கான் அதனை ஏற்றார். 2014ஆம் ஆண்டு எபோலா அந்நாட்டினுள் நுழைந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட நோயாளருக்கு அவர் சிகிச்சையளித்தார். ஜூலை மாதத்தில் அவரது பிரிவின் தலைமைத் தாதி எம்பாலு பொனி இறந்தார். அதே மாதம் 29ஆந் திகதி, முப்பத்தொன்பதே வயதான கானும் இறந்தார்.

கான் நோயுற்றுக் கிடந்த கைலாகுன் சிகிச்சை நிலையத்தில் ‘சீமாப்’ என்னும் பரிசோதனை மருந்து இருந்தது. மனிதரிடம் சோதிக்கப்படாதது என்பதால், அதனைக் கொடுப்பதில்லையெனப் பொறுப்பாளர் தீர்மானித்தனர். கானிடம் எவரும் கேட்கவில்லை. சின்னாட்களில் லைபீரியாவில் நோயுற்ற அமெரிக்கர் இருவருக்கு அதே மருந்து அளிக்கப்பட்டது. அவர்கள் விமானத்தில் அத்லாந்தா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிழைத்தனர். சீமாப் கானைக் காத்திருக்குமென நாம் சாதிக்கவில்லை. பின்னர் கொங்கோவில் நடந்த பரிசோதனையில் வேறு இரு மருந்துகள் அதனை விஞ்சின. ஆயினும், தன் உயிரைப் பற்றிய முடிவில் கைதேர்ந்த வைத்தியர் ஒருவருக்கே வாயில்லாமற் போனது எங்ஙனம்?

கேள்வி இந்த ஒரு மருந்தோடு முடியவில்லை. எபோலா 1976இலேயே கண்டறியப்பட்ட நோய். கனடிய அரசாங்க ஆய்வுகூடத்தில் உருவான தடுப்பு மருந்து குரங்குகளை முற்றாகக் காத்ததென 2005இல் உலகம் அறிந்தது. அது கினி நாட்டில் நோய் பரவிய மக்களிடையே பரீட்சிக்கப்பட்டதோ 2015இல்! இடைப்பட்ட பத்தாண்டு என்னாயிற்று? வாங்க வசதியற்றோரின் நோயில் இலாபமில்லை. இலாபமில்லாத இடத்தில் மருந்துக் கம்பனிகளுக்கு அவசரமுமில்லை. 2016இல் அக்கொள்ளைநோய் ஓய்ந்தபோது 11,300க்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர்.

கெனெமா வைர வணிகத்துக்குப் பெயர்பெற்ற நகரம். அம்மண்ணின் வைரம் செல்வ நாடுகளின் கடைகளுக்கு வழிதவறாது போய்ச் சேர்கிறது. மருந்துக்கு மாத்திரம் கெனெமாவுக்கு வழி தெரியவில்லையாம்! கொங்கோவின் கிக்விட் நகரில் 1995இல் எபோலாவிலிருந்து பிழைத்த ஒருவரின் குருதியிலிருந்தே, சீமாப்பை விஞ்சிய மருந்துகளுள் ஒன்று பிறந்தது. மண்ணின் செல்வத்தையும் உடலின் குருதியையும் கொடுத்த மக்கள், மருந்துக்கு மட்டும் பிறர் கருணையை எதிர்பார்த்து நிற்கவேண்டுமா?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! கானின் அஞ்சாமையை வகுப்பறைகளிற் சொல்லுங்கள். அவரைத் தனியே நிற்கவைத்த ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவ்வேற்பாட்டைச் சொல்லாது விடும் புகழுரை குற்றவாளிக்குத் திரையாகிவிடும். பொதுப்பணத்தில் விளைந்த மருந்து பொதுச்சொத்தாகவேண்டும். நோயின் வாயிலில் நிற்கும் வைத்தியருக்கும் தாதிக்கும் காப்பு முதலிற் கிட்டவேண்டும். இவற்றைக் கேட்பது பிச்சையன்று, உரிமை.