அறியாமல் செய்த பாவமும் ஒரு சிறு நத்தையும்



அறியாமல் செய்த பாவத்திற்கும் பலி செலுத்தவேண்டும் என்று லேவியராகமம் 4, 5 ஆம் அதிகாரங்கள் கற்பிக்கின்றன. தெரியாமல் செய்ததற்கு ஏன் பரிகாரம் என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. இங்கிலாந்தின் கற்பாறைக் கரையில் வாழும் ஒரு சிறு கடல்நத்தையின் கதை இதற்கு விடை தருகிறது.

டாக் வெல்க் என்பது அதன் பெயர். பாறைகளில் ஒட்டியிருக்கும் கொட்டலசுகளையும் மட்டிகளையும் தின்று வாழ்வது. 1970 ஆம் ஆண்டளவில், பிளைமவுத் துறைமுகத்தின் அருகே இவ்வினத்துப் பெண் நத்தைகளின் உடலில் ஆண் உறுப்பு வளர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. 1980களில் பிரையன், கிப்ஸ் என்னும் அறிவியலாளர்கள் அதன் காரணத்தை நிறுவினர். படகுகளின் அடிப்பாகத்தில் கொட்டலசும் பாசியும் பற்றாதிருக்கப் பூசிய பெயிண்டில் ட்ரைபியூட்டைல் டின் என்னும் நஞ்சு இருந்தது. நூறு கோடி லிட்டர் கடல்நீரில் ஒரு கிராம் கலந்திருந்தாலே அது இந்நத்தையைத் தாக்கும். வளர்ந்த உறுப்பு முட்டை வெளிவரும் வழியை அடைத்தது. முட்டைகளை உள்ளே சுமந்தபடியே தாய் நத்தைகள் மாண்டன. சில கரைகளில் அவ்வினமே அற்றுப்போயிற்று.

பெயிண்ட் பூசியவர்கள் நத்தையின்மேல் பகைகொண்டவர்களல்லர். படகு விரைந்து செல்லவேண்டும், எரிபொருள் மிச்சப்படவேண்டும் என்றே விரும்பினர். ஆயினும் அவர்களுடைய நல்லெண்ணம் ஒரு நத்தையையும் காப்பாற்றவில்லை. வேதம் அறியாமையின் பாவத்தையும் கணக்கில் வைப்பதன் நியாயம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

பிரிட்டன் 1987 இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அப்பூச்சைத் தடைசெய்தது. 2001 இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2008 இல் நடைமுறைக்கு வந்து, பெருங்கப்பல்களுக்கும் தடையை விரிவாக்கியது. நத்தைகள் மீண்டும் பெருகின, ஆனால் மெதுவாக. இவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து செல்வதில்லை. பாறையில் ஒட்டிய முட்டையுறையிலிருந்து வெளிவந்து ஊர்ந்தே பரவவேண்டும். வெறுமையான கரை நிரம்பப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஆத்தும இரட்சிப்பே சபையின் வேலை, நத்தை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கிறிஸ்து சிலுவையின் இரத்தத்தினாலே சகலத்தையும் ஒப்புரவாக்கினார் என்று கொலோசெயர் முதலாம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். அந்தச் சகலத்திலிருந்து கடலை நீக்கிவிட நமக்கு அதிகாரமில்லை.

ஞாயிறுதோறும் நாம் பாவ அறிக்கை செய்கிறோம். சகேயுவோ அறிக்கையோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்க முன்வந்தான். நாமும் அறிந்த மாத்திரத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்வோம். மீந்த பெயிண்டையும் பூச்சிமருந்தையும் இந்த வாரம் சாக்கடையில் ஊற்றாதிருங்கள். பாறைக் கரைக்குப் போனால், புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். அதன் அடியிலும் உயிர்கள் குடியிருக்கின்றன.

ஜெபம்: சமுத்திரத்தை உண்டாக்கின கர்த்தாவே, நாங்கள் அறியாமல் செய்த கேடுகளை எங்களுக்கு உணர்த்தும். உணர்ந்தபின் அவற்றை விட்டுவிடப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.